ஏழை விவசாயிக்குப் பசு வாங்கித் தந்த மேயர்

ஒரு வீட்டில் பசு இருக்கிறது. அதற்குப் புல் அறுத்துப் போடுகிறவர் வீட்டுக்காரர். தண்ணீர் காட்டுகிறவர் அவர் மனைவி. உழவு மாடு வாங்க வசதி இல்லை. ஆகவே அந்தப் பசுவையே ஏரிலும் பூட்டுகிறார்கள். வண்டியிலும் பூட்டுகிறார்கள்.

ஆனால் பசு அவர்களுடையது அல்ல. வெளியூர் மாட்டு வியாபாரியுடையது.

பசு கன்று போட்டால் வியாபாரிக்குப் பங்கு கொடுக்க வேண்டும். பசு நன்றாகத் தேறிக் கொழுத்துவிட்டால், ஒரு நாள் அவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பதிலுக்கு எலும்பும் தோலுமாக வேறொரு மாட்டைக் கட்டிவிட்டுப் போவார். அதற்கும் தீனி போட்டுத் தேற்ற வேண்டும். தேறியதும் அதுவும் போய்விடும்.

நம் பக்கத்தில் வாரத்துக்கு மாடு வளர்ப்பது உண்டு. அதைவிடப் பல மடங்கு கொடியது இது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இதற்கு மாட்டு வட்டி என்றே பெயர்.

இந்தக் கொடுமையைக் கண்டு மனம் பொறுக்காத ஒருவர் அந்த நாட்டில் இருந்தார். அவர் பணக்காரர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு சாதாரண உத்தியோகஸ்தர். அவர் பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன்.

இன்று நம் கிராமங்களில் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. அங்கே பயிர்க்கடன் கிடைக்கிறது. கறவை மாட்டுக்குக் கடன் கிடைக்கிறது. உரம் கிடைக்கிறது. அந்தச் சங்கத்துக்கு வேர் தேடிப் போனால், ரெய்பைசன் வாழ்ந்த மலைக் கிராமங்களில் போய் நிற்போம்.

தகப்பன் இல்லாத வீடு

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ரைன் நதி ஓடுகிறது. நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்டு என்று ஒரு மேட்டு நிலம். குளிர் அதிகம். மழை அதிகம். மண்ணில் சத்துக் குறைவு. அங்கே ஹாம் என்ற சிற்றூரில் 1818-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ரெய்பைசன் பிறந்தார்.

பெற்றோருக்கு ஒன்பது குழந்தைகள். இவர் ஏழாவது. தகப்பனார் அந்த ஊர் மேயராகச் சில காலம் இருந்தவர். மகன் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் நோயுற்றுக் குடும்பத்தைப் பிரிந்துவிட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. தெய்வ பக்தி மிகுந்த அந்த அம்மாளின் பெயர் அமாலி.

பையனை உயர்ந்த பள்ளிக்கு அனுப்பப் பணம் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. உள்ளூர்ப் பாதிரியார் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான். 17 வயதில் ரெய்பைசன் பட்டாளத்தில் சேர்ந்தார். பீரங்கிப் படையில் வேலை.

நல்ல கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். மேலே மேலே போயிருப்பார். ஆனால் கண்ணில் நோய் வந்தது. 1843-ல் பட்டாளத்தை விட்டு விலக நேர்ந்தது. அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் தேடிக்கொண்டார். அந்தக் கண் நோய் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

1845-ல் வையர்புஷ் என்ற ஊரில் மேயர் பதவி கிடைத்தது. மேயர் என்றதும் பெரிய நகரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். 20-க்கு மேற்பட்ட சின்னச் சின்னக் கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு தலைவர். நம் ஊரில் தாசில்தாரும் பஞ்சாயத்துத் தலைவரும் ஒருவரே ஆனால் எப்படியோ, அப்படி. அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது. மனைவி எமிலி, ஒரு மருந்துக் கடைக்காரரின் மகள்.

ரொட்டிப் பஞ்சம்

புதிய மேயர் முதலில் பள்ளிக்கூடம் கட்டினார். பாதை போட்டார். விளைபொருளை ரைன் நதிக் கரைக்குக் கொண்டுபோகப் பாதை இல்லாமல் அந்த மக்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். இன்று அந்தச் சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் 1846 வந்தது. உருளைக்கிழங்கை முந்தின ஆண்டே நோய் தாக்கியிருந்தது. இப்போது தானியமும் பொய்த்தது. அந்தக் குளிர் காலத்தில் ஏழைகள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அரசாங்கம் மாவும் தானியமும் அனுப்பியது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ரொக்கம் இருந்தால் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்?

ரெய்பைசன் உத்தரவை மீறினார். இல்லாதவர்களுக்குக் கடனாகக் கொடுத்தார். உத்தியோகத்துக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகவில்லை. வேலை போயிருக்கலாம். குடும்பம் தெருவில் நின்றிருக்கலாம். அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை.

அதோடு விடவில்லை. ஊரில் வசதி உள்ளவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட வைத்தார். அதைக் கொண்டு மொத்தமாகத் தானியம் வாங்கினார். ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு கட்டினார். அங்கே சுட்ட ரொட்டி, கடை விலையைவிட வெகு குறைந்த விலைக்குக் கிடைத்தது. கையில் காசு இல்லாதவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ரொட்டி வாங்கிப் போனார்கள். அடுத்த அறுவடையில் கட்டினால் போதும். விதைக் கிழங்கும் அந்த முறையிலேயே கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ரொட்டியைத் தானமாகக் கொடுக்கவில்லை. விலைக்குத்தான் கொடுத்தார். ஏழை விவசாயிக்கு அவகாசம் கொடுத்தார். அநியாய லாபம் வைக்கவில்லை. இந்தக் கணக்கு அவர் மனத்தில் பதிந்தது. ஆனால் அதன் முழு அர்த்தம் அவருக்கே விளங்க இன்னும் 17 ஆண்டுகள் பிடித்தன.

கொட்டிலில் சொந்தப் பசு

1848-ல் அவரைப் பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கே 30-க்கு மேற்பட்ட கிராமங்கள் அவர் பொறுப்பில் வந்தன. அந்தக் கிராமங்களில்தான் மாட்டு வட்டியின் கோர முகத்தை அவர் அருகில் இருந்து பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் நிலத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு பிரிப்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை துண்டு துண்டாகி, ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியது கையகலம். அந்தக் கையகல நிலத்துக்கும் எரு வேண்டும். எரு வேண்டுமானால் மாடு வேண்டும். மாடு வாங்கப் பணம் வேண்டும். பணம் கொடுக்க அந்தக் கிராமங்களில் பாங்கு கிடையாது. பட்டணத்துப் பாங்குக்காரர்கள் இந்த ஏழைகளை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். மிஞ்சியது வட்டிக் கடைக்காரரும் மாட்டு வியாபாரியும்தான். ஒரு தவணை தவறினால் நிலம் ஏலத்துக்குப் போனது.

1849 டிசம்பரில் ரெய்பைசன் அங்கே ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். வசதி உள்ள 60 பேர் அதில் சேர்ந்தார்கள். சங்கம் கடன் வாங்கினால் தங்கள் சொத்து முழுவதும் அதற்குப் பொறுப்பு என்று 60 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முன்பின் தெரியாதவர் யாரும் அப்படிக் கையெழுத்துப் போடமாட்டார்கள். மேயர் மேல் இருந்த நம்பிக்கை அப்படி.

அந்த ஜாமீனைக் காட்டிச் சங்கம் பணம் திரட்டியது. பணத்தைக் கொண்டு மாடு வாங்கியது. மாட்டை ஏழை விவசாயிக்குக் கொடுத்தது. விலையை ஐந்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டினால் போதும்.

ஐந்து ஆண்டு! இதுதான் விஷயம். பசு கன்று போட வேண்டும், பால் கொடுக்க வேண்டும், அந்தப் பாலும் கன்றும்தான் கடனை அடைக்க வேண்டும். மூன்று மாதத்தில் திருப்பிக் கேட்டால் விவசாயி எங்கே போவார்? மாட்டின் காலக் கணக்கைப் பார்த்துத் தவணை போட்டவர் ரெய்பைசன்.

மாட்டை நேரடியாக வாங்கிக் கொடுப்பதில் தொல்லைகளும் இருந்தன. கொஞ்ச நாளில் சங்கம் மாடு வாங்குவதை நிறுத்தியது. பணத்தைக் கடனாகக் கொடுத்தது. தனக்கு ஏற்ற மாட்டை விவசாயியே சந்தையில் பார்த்து வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வட்டித் தொழிலிலும் மாட்டு வியாபாரத்திலும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், யூதர்களும் இருந்தார்கள். ஆனால் ரெய்பைசன் தம் எழுத்துகளில் யூத வியாபாரிகளைத் தனியாகப் பிரித்துக் குற்றம் சுமத்தினார். அந்தக் காலத்தில் அங்கே பலர் அப்படி எழுதினார்கள். அதனால் அது நியாயம் ஆகிவிடாது.

பணக்காரர்கள் விலகினார்கள்

1852-ல் மறுபடியும் மாற்றல். இந்தத் தடவை ரைன் நதிக் கரையில் நொய்வீட் நகரை ஒட்டிய ஹெட்டெஸ்டார்ப். 1854-ல் அங்கே ஒரு தர்மச் சங்கம் தொடங்கினார். திக்கற்ற குழந்தைகளை வளர்ப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது, மாடு வாங்க உதவுவது, கடன் கொடுப்பது என்று எத்தனையோ வேலைகளை அந்தச் சங்கம் தலையில் போட்டுக்கொண்டது.

நாலைந்து ஆண்டு நன்றாக நடந்தது. பிறகு சோர்வு தட்டியது. பணமும் ஜாமீனும் கொடுத்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கடன் வாங்குகிறவர் வேறு. நஷ்டம் வந்தால் தாங்குகிறவர் வேறு. எத்தனை காலத்துக்கு ஒருவர் மற்றவருக்காகத் தம் வீட்டையும் நிலத்தையும் பணயம் வைப்பார்?

மற்ற வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கடன் கொடுக்கும் வேலை மட்டும் உயிரோடு இருந்தது. ஏன் என்றால் அதற்குத்தான் வரவு இருந்தது. கடன் வாங்கியவர்கள் வட்டி கட்டினார்கள்.

ரெய்பைசனுக்கு இது பெரிய மன வேதனை. உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதுவே தெய்வக் கட்டளை என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையின் மேல்தான் ஒவ்வொரு சங்கமாகக் கட்டினார். இப்போது அஸ்திவாரமே ஆடியது.

அதே சமயத்தில் வீட்டிலும் இடி விழுந்தது. 1863-ல் மனைவி எமிலி இறந்துவிட்டாள். ஏழு குழந்தைகள் பிறந்ததில் மூன்று முன்பே இறந்துபோயிருந்தன. மிஞ்சிய நான்கு பேரும் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். அவர் உடம்பும் நலிந்தது. பார்வை மேலும் மங்கியது.

இத்தனைக்கும் நடுவில்தான் அவர் தம் வழியை மாற்றினார். 1864-ல் பழைய தர்மச் சங்கம் போய், ஹெட்டெஸ்டார்ப் கடன் சங்கம் வந்தது.

விவசாயியே முதலாளி

புதிய சங்கத்தின் விதி இதுதான். கடன் வேண்டுமா? முதலில் அங்கத்தினராகச் சேர். உன் அண்டை வீட்டாருக்கு நீ பொறுப்பு. உனக்கு அவர்கள் பொறுப்பு. சங்கம் நொடித்தால் எல்லோரும் சேர்ந்து தாங்க வேண்டும்.

கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் இதன் சூட்சுமம் வேறு. சங்கத்தின் எல்லை ஒரு கிராமம் அல்லது ஒரு சிறு வட்டாரம். அங்கே ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாம் தெரியும். யார் உழைப்பாளி, யார் சாராயக் கடையில் கிடக்கிறவர், யார் மாட்டுக்கு ஒழுங்காகத் தீனி போடுகிறவர், எல்லாம் தெரியும். பட்டணத்துப் பாங்கு நூறு காகிதம் கேட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. மாடு வாங்கக் கடன் வாங்கிய பணத்தில் ஒருவர் விருந்து வைத்தால், அதை முதலில் பார்க்கிறவர் அவருக்குப் பொறுப்பு ஏற்ற பக்கத்து வீட்டுக்காரர்தான்!

தலைவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் கூலி உண்டு. சேமிப்புப் போடுகிறவருக்கு வட்டி உண்டு. கடன் வாங்குகிறவர் அதைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி கட்ட வேண்டும். உதாரணமாக, போட்டவருக்கு நூற்றுக்கு நாலு என்றால், வாங்கியவரிடம் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்கும் அந்த ஒன்றில்தான் கணக்கருக்குக் கூலி, காகிதச் செலவு எல்லாம். மீதியைப் பங்கு போடக் கூடாது. அது சங்கத்தின் பொது நிதி. என்றைக்கும் யாரும் அதைப் பிரித்துக்கொள்ள முடியாது.

விவசாயி வட்டி கட்டினார். அந்த வட்டி அவரைச் சுரண்டவில்லை. அவருக்கு உதவி செய்யும் ஆளுக்கும் பெட்டிக்கும் உரிய செலவை அவரே கொடுத்தார். எந்தப் பணக்காரர் மனம் மாறினாலும் பெட்டி மூடப்படாது. கடன் கேட்டுப் போகும்போது தலை குனிய வேண்டியதும் இல்லை.

இப்படிச் சொல்வதால், அவர் தம் பக்தியைக் கைவிட்டார் என்று நினைக்கக் கூடாது. அயலாருக்குப் பொறுப்பு ஏற்பதே அவருக்குப் பக்தியாக இருந்தது.

மகளின் கண்

1865-ல் ரெய்பைசனுக்கு 47 வயது. உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பென்ஷன் சொற்பம். குடும்பம் நடத்தச் சிறிய சுருட்டுத் தொழிற்சாலை வைத்துப் பார்த்தார். பிறகு திராட்சை மது வியாபாரம் செய்தார். பிறருக்குக் கடன் வழி காட்டியவர், தம் சாப்பாட்டுக்குச் சுருட்டு விற்றார்! சங்கப் பணத்தில் அவர் சம்பாதிக்கவில்லை.

1866-ல் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. சங்கத்தை எப்படித் தொடங்குவது, கணக்கை எப்படி எழுதுவது, விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். அதைப் படித்துவிட்டுப் பல ஊர்களில் சங்கம் தொடங்கினார்கள். புத்தகத்தைப் பலமுறை திருத்தி வெளியிட்டார். பால் சங்கம், விற்பனைச் சங்கம், கால்நடை இன்சூரன்ஸ் சங்கம் ஆகியவற்றுக்கும் அதில் வழி சொன்னார். ஒரே பசுவை நம்பி வாழும் வீட்டில் அந்தப் பசு செத்தால் என்ன கதி? மாதா மாதம் சிறு தொகை கட்டியிருந்தால் இன்னொரு பசு வாங்கலாம்.

அவர் கண்ணுக்கு எழுத்து ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. கடிதம் படித்துக் காட்டியவள் மூத்த மகள் அமாலி. பாட்டியின் பெயர்தான் அவளுக்கும். தகப்பனார் சொல்லச் சொல்ல எழுதினாள். சங்கங்களுக்குப் பதில் போட்டாள். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1867-ல் ரெய்பைசன் ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டார். அதன் பிறகும் அமாலியே அவருக்குக் கண்ணாக இருந்தாள். ரெய்பைசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. ஜெர்மனிப் பட்டணங்களில் கைத்தொழிலாளர்களுக்குக் கடன் சங்கம் அமைத்துப் புகழ் பெற்றவர் ஷூல்ட்ஸ் டெலிட்ஸ் என்ற நீதிபதி. அவர் ரெய்பைசனின் முறையைக் கடுமையாகத் தாக்கினார். சேமிப்புப் போட்டவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பார், அதை ஐந்தாண்டு, பத்தாண்டுக் கடனாகக் கொடுத்தால் சங்கம் கவிழ்ந்துவிடும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் செருப்புத் தைப்பவர் மூன்று மாதத்தில் கடன் அடைக்கலாம். பசு வைத்திருப்பவர் அடைக்க முடியுமா? ரெய்பைசன் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. ஒரு சங்கத்தில் மிஞ்சும் பணம் இன்னொரு சங்கத்தின் தேவைக்கு உதவட்டும் என்று 1872-ல் நொய்வீட்டில் ஒரு மத்திய பாங்கு அமைத்தார். சட்டச் சிக்கல் வந்தது. 1876-ல் அதை வேறு வடிவில் மாற்றி அமைத்தார்.

1888-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ரெய்பைசன் காலமானார். 70 வயது நிறைய மூன்று வாரம்கூட இல்லை. அப்போது அவருடைய சம்மேளனத்தில் 423 சங்கங்கள் இருந்தன.

சென்னை ராஜதானியில்

அவர் இறந்து நான்கு ஆண்டு ஆயிற்று. அப்போது சென்னை ராஜதானியின் விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். அதற்கு வழி தேடும்படி பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை அரசாங்கம் 1892-ல் நியமித்தது. அவர் ஐரோப்பாவின் விவசாய பாங்குகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். பக்கம் பக்கமாக எழுதியவர், கடைசியில் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. இங்கேயும் ஒரு ரெய்பைசனைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அது.

1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஐக்கிய நாணய சங்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தச் சங்கங்களைத்தான். அதே ஆண்டில், அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் என்ற கிராமத்து விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கம் அது.

வையர்புஷ் ஊரில் அந்தப் பொது ரொட்டி அடுப்பு இருந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிளாமர்ஸ்பெல்டில் ரெய்பைசன் குடியிருந்த வீடு, அவர் நினைவாகக் காட்சிசாலையாக இருக்கிறது.